‘நல்லா படி’ என்றால் போதுமா?

“ராத்திரி பதினொரு மணி வரைக்கும் உட்கார்ந்து படிச்சான். ஆனா, பரீட்சையில எல்லாம் மறந்துபோச்சுங்கிறான்!”

பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கிற புலம்பல் இது. ‘கவனம் போதாது’, ‘எல்லாம் செல்போனால் வந்த வினை’ என்று ஆளுக்கொரு தீர்ப்பு சொல்வோம். பிள்ளை உண்மையிலேயே படித்திருக்கலாம். படித்த முறை கைகொடுக்காமல் போயிருக்கலாம் என்று யோசிப்பதில்லை.

கணக்கு, அறிவியல், வரலாறு எல்லாவற்றுக்கும் பள்ளியில் பீரியட் உண்டு. அவற்றை எப்படிப் படிப்பது என்று சொல்லித்தர மட்டும் பீரியட் கிடையாது. பிள்ளைகளும் தங்களுக்குத் தெரிந்த வழியில், ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள்.

அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக் இருவரும் 2006-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்கள் ஒரு பகுதியை இரண்டு முறை வாசித்தார்கள். இன்னொரு பகுதியை ஒருமுறை வாசித்துவிட்டு, பார்க்காமல் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, இரண்டு முறை வாசித்ததுதான் அதிகம் நினைவில் இருந்தது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தவர்களிடம் நிலைமை தலைகீழ். எழுதிப் பார்த்ததில் 56 சதவிகிதம் நினைவில் இருந்தது. வாசித்ததில் 42 சதவிகிதம்தான்.

காரணம் எளிது. திரும்பத் திரும்ப வாசிக்கும்போது வரிகள் பழகிவிடுகின்றன. ‘இது தெரியுமே’ என்று தோன்றுகிறது. தெருவில் தினமும் பார்க்கிறவரின் முகம் பழக்கம்தான். பெயரைக் கேட்டால் விழிக்கிறோமே, அதுபோலத்தான். பரீட்சை கேட்பது முகத்தை அல்ல, பெயரை!

இதைச் சொல்லித்தர பள்ளிகளுக்குப் புதிய புத்தகமோ, தனி ஆசிரியரோ தேவையில்லை. பாடம் முடியும் கடைசி ஐந்து நிமிடம் புத்தகத்தை மூடச் சொல்லி, நினைவில் நின்றதை எழுத வைக்கலாம். போன வாரப் பாடத்திலிருந்து மூன்று கேள்விகளோடு வகுப்பைத் தொடங்கலாம். மதிப்பெண் வேண்டாம், மார்க் என்றதும் பயம் வந்துவிடும். ஆறாம் வகுப்பிலேயே தொடங்கினால், பத்தாம் வகுப்புக்குள் அது பழக்கமாகிவிடும்.

வீட்டிலும் செய்யலாம். ‘படிச்சியா?’ என்று கேட்பதற்குப் பதில், ‘புத்தகத்தை மூடிட்டு எனக்குச் சொல்லு’ என்று கேளுங்கள். உங்களுக்கு அந்தப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தடுமாறினால் திட்டாதீர்கள், எந்த இடத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும். மூன்று நாள் கழித்து மீண்டும் ஒருமுறை கேளுங்கள்.

முறை தெரியாமல் தோற்கிற பிள்ளை, ‘எனக்கு முறை தெரியவில்லை’ என்று நினைப்பதில்லை. ‘எனக்குப் படிப்பு வராது’ என்றே முடிவு கட்டிவிடுகிறது. குறைந்த மதிப்பெண்ணை அடுத்த பரீட்சையில் சரிசெய்துவிடலாம். அந்த முடிவை மாற்றுவதுதான் கஷ்டம்.