‘கோட்டாவில் வந்தவன்’ என்று சொல்லும் தம்பிக்கு!

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் திரும்பிய பக்கமெல்லாம் மருத்துவமனைப் பலகைகள். பலகைதோறும் பெயருக்குப் பின்னால் எம்.டி., எம்.எஸ்., டி.எம். என்று பட்டங்கள். இந்த டாக்டர் நுழைவுத் தேர்வில் எத்தனை மார்க் எடுத்தார், எந்த ஒதுக்கீட்டில் சீட் பெற்றார் என்று எந்தப் பலகையிலாவது எழுதியிருக்கிறதா? நோயாளிதான் அதைக் கேட்கிறாரா? ‘கைராசியான டாக்டரா?’ என்பது ஒன்றுதான் அவர் கேட்கும் கேள்வி.

ஆனால் அந்தப் பட்டங்களைத் தரும் கல்லூரிகளுக்குள் முதல் நாளே கேட்கப்படும் கேள்வி வேறு. ‘நீ ஓ.சி.யா, கோட்டாவா?’

இந்தக் கேள்வியை மற்றவர்கள் கேட்டபோது நாம் கொதித்தோம். இன்று எம்.எஸ்ஸி., பி.எச்டி., எம்.டி. என்று படிக்கப் போன நம் பிள்ளைகளில் சிலரே இதைக் கேட்கிறார்கள்! “லேபில் என்னோடு சேர்த்து விடப்பட்டவன் கோட்டாவில் வந்தவன். பியூரெட்டைப் பிடிக்கக்கூடத் தெரியவில்லை. அவன் வேலையையும் நானே பார்க்க வேண்டியிருக்கிறது” என்று வீட்டுக்கு வந்து புலம்புகிறார்கள். லீ பஜாரில் கடை வைத்திருக்கும் தந்தை அதைக் கேட்டுவிட்டு, “தகுதியில்லாதவனுக்கெல்லாம் சீட் கொடுத்தால் நாடு எப்படி உருப்படும்?” என்று வாடிக்கையாளரிடம் வியாக்கியானம் செய்கிறார்.

தம்பி! இந்த வசனம் உன்னுடையதல்ல. இரவல் வசனம். இது யாருக்கு எதிராக எழுதப்பட்டது தெரியுமா?

வெட்டப்பட்டது யாருடைய பங்கு?

சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி உத்தரவு இருந்த காலத்தில், மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடங்களிலும் 1 இடம் முஸ்லிம்களுக்கு என்று இருந்தது. ‘தகுதி பறிபோகிறது’ என்று சொல்லி நீதிமன்றம் போனார்கள். 1951-ல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைச் செல்லாது என்றது. வழக்குத் தொடுத்தவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை என்பது அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது! விண்ணப்பிக்காதவரின் ‘தகுதி’க்காக வெட்டப்பட்டது நம்முடைய பங்கும்தான்.

தமிழகம் கொதித்தெழுந்தது. அதே ஆண்டு அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. பிற்படுத்தப்பட்டோருக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் கல்வியில் ஒதுக்கீடு செய்ய வழி திறந்தது. ஆனால் முஸ்லிம்களுக்கென்று தனி ஒதுக்கீடு கிடைக்க 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிற்படுத்தப்பட்டோரின் 30 சதவீதத்துக்குள் நமக்கு 3.5 சதவீதம் வந்தது.

அதற்கு முந்தைய ஆண்டில்தான் சச்சார் குழு நம் நிலையை ஊருக்குச் சொன்னது. நாட்டின் முன்னணிக் கல்லூரிகளில் இளநிலை மாணவர்களில் 25 பேருக்கு ஒருவர், முதுநிலையில் 50 பேருக்கு ஒருவர்தான் முஸ்லிம்! மேலே போகப் போக நாம் பாதியாகக் கரைந்து போகிறோம். இந்த நிலையில் இருக்கிற சமுதாயத்துப் பிள்ளை, பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து ‘கோட்டா’ என்று இளக்காரம் பேசலாமா? உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டுகிற வேலையல்லவா இது?

எது தகுதி?

‘நான் அதிக மார்க் எடுத்தேன்’ என்கிறாய். மார்க் எப்படித் தயாராகிறது என்பதை நம் பக்கத்து மாவட்டத்தைவிட நன்றாக அறிந்த ஊர் உண்டா? நாமக்கல் வட்டாரத்தின் விடுதிப் பள்ளிகளை ‘பிராய்லர் பள்ளிகள்’ என்று ஊரே அழைத்தது. தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத் தேர்வு 2007-ல் ஒழிந்தபின், பிளஸ் டூ மார்க்கே எல்லாம் என்றாயிற்று. பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை மூடி வைத்துவிட்டு, இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தன. இதைத் தடுக்கத்தான் 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவர வேண்டியிருந்தது. நீட் வந்ததும் அதே தொழில் நீட் பயிற்சி என்று பலகை மாற்றிக்கொண்டது.

லட்சங்களைக் கொட்டி வாங்கிய அந்த மார்க் தகுதியாம்! பிளஸ் ஒன் இயற்பியலையே படிக்காமல் எம்.எஸ்ஸி. வரை வந்தவன் தகுதியானவனாம்! ராசிபுரத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில், ஆய்வகம் பூட்டியே கிடந்த பள்ளியில் தமிழ் வழியில் படித்து, வீட்டில் தறியும் ஓட்டிக்கொண்டு அதே எம்.எஸ்ஸி.க்கு வந்தவன் தகுதி குறைந்தவனாம்! என்ன நியாயம் இது?

இன்னொன்றையும் கேள். 2023-ல் முதுநிலை மருத்துவப் படிப்பில் இடங்கள் காலியாகக் கிடந்தன. உடனே நீட் முதுநிலைத் தேர்வின் தகுதி வரம்பை எல்லாப் பிரிவினருக்கும் பூஜ்யம் பர்சன்டைல் ஆக்கியது ஒன்றிய அரசு. தேர்வு எழுதியிருந்தாலே கவுன்சிலிங்குக்குப் போகலாம் என்றாயிற்று. அப்படித் திறந்த கதவில், தனியார் கல்லூரிகளில் லட்சக்கணக்கில் கட்டணம் கட்ட முடிந்தவர்களும் நுழைந்தார்கள். ‘தரம் போச்சு, தகுதி போச்சு’ என்று அன்றாடம் ஒப்பாரி வைக்கும் வாய்கள் எத்தனை திறந்தன? பணம் கட்டினால் தகுதி. சாதிச் சான்றிதழ் காட்டினால் தகுதிக்குறைவு! இதுதான் இவர்களின் தராசு.

நுழைவுத் தேர்வு மார்க் ஒருவரின் தனித்திறமையை மட்டும் காட்டுவதில்லை. அவருடைய குடும்பமும் பள்ளியும் வசதியும் அதில் சேர்ந்திருக்கின்றன என்று 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதுவும் முதுநிலை மருத்துவப் படிப்பு சம்பந்தப்பட்ட வழக்கில்தான்.

இடறுகிறவன் இருக்கிறானே?

உண்மை. இருக்கிறான். ஆங்கிலக் கலைச்சொல் புரியாமல் விழிக்கிறவன், கருவியைத் தொட்டுப் பழகாதவன் உன் பக்கத்தில் இருக்கலாம். அவனால் உன் வேலை தாமதமாகலாம். அதை இல்லை என்று நாம் சொல்லவில்லை.

ஆனால் வாய்ப்பில் குறைந்தவன் வேறு, உழைப்பில் குறைந்தவன் வேறு. உழைக்காதவன் எல்லாப் பிரிவிலும் இருக்கிறான். அவனைப் பற்றித் தாராளமாக உன் கைடிடம் போய்ச் சொல். அவன் சாதியைக் கேட்காமல் சொல்! வாய்ப்பில் குறைந்தவனுக்குத் தேவை ஆறு மாதப் பழக்கம். ஒதுக்கீடு வாசல்வரைதான். உள்ளே வினாத்தாள் ஒன்று, பாஸ் மார்க் ஒன்று. ஆய்வேட்டைத் திருத்தும் பேராசிரியர் அதில் சாதியைப் பார்த்து மார்க் கூட்டுவதில்லை.

நம் பக்கத்து ஈரோட்டில் 1887-ல் பிறந்த ராமானுஜனை எடுத்துக்கொள். கணக்கைத் தவிர மற்ற பாடங்களைக் கைவிட்டு, கல்லூரித் தேர்வில் தோற்றவர். பட்டமே இல்லாத அவருக்கு 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. கேம்பிரிட்ஜ் போனபோதும் அவருக்குத் தெரியாத அடிப்படைகள் பல இருந்தன. பேராசிரியர் ஹார்டி அவரைத் திருப்பி அனுப்பவில்லை. தெரியாததைச் சொல்லிக் கொடுத்தார், தெரிந்ததை அவரிடம் கற்றுக்கொண்டார். 1918-ல் ராமானுஜன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். அவருக்காக விதியைத் தளர்த்தியது சரியே. அதே தளர்வு ஓர் அருந்ததியர் வீட்டுப் பிள்ளைக்கு என்றால் மட்டும் தரம் கெட்டுவிடுமா?

ஏளனம் எங்கே கொண்டு போகும்?

டாக்டர் பாயல் தட்வி என்ற பெயரை ஒவ்வொரு முஸ்லிம் மாணவரும் அறிந்திருக்க வேண்டும். மகாராஷ்டிராவின் ஜல்காவ் மாவட்டத்தைச் சேர்ந்தவர். தட்வி பில் பழங்குடி முஸ்லிம். மும்பை டோபிவாலா தேசிய மருத்துவக் கல்லூரியில் மகப்பேறு மருத்துவத்தில் முதுநிலை படித்தவர். ஒதுக்கீட்டில் வந்தவர் என்று மூத்த மாணவிகள் அவரை ஓயாமல் இழிவு செய்தார்கள் என்பது குடும்பத்தாரின் குற்றச்சாட்டு. 2019 மே 22 அன்று அவர் உயிரிழந்தார். மூன்று பேர் கைதானார்கள், அவர்கள் குற்றச்சாட்டை மறுத்தார்கள், குற்றப்பத்திரிகையும் தாக்கலானது. தீர்ப்பை நீதிமன்றம் சொல்லட்டும். நாம் கேட்பது ஒன்றுதான்: பாயலை நினைத்துக் கண்ணீர் விடுகிற நம் வீட்டிலிருந்தே, இன்னொரு தாயின் பிள்ளையை நோக்கி அதே சொல் புறப்படலாமா?

செய்ய வேண்டியது என்ன?

பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களிடம், பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக் கொடுப்பதையே விடுதலைக்கு ஈடாகக் கேட்டார்கள் நபி (ஸல்) அவர்கள். தெரிந்தவன் தெரியாதவனுக்குச் செலுத்த வேண்டிய கடன் கல்வி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மாணவச் சகோதரனே! பக்கத்தில் இருப்பவனுக்கு மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கு. சொல்லிக் கொடுக்கிறவனுக்குத்தான் பாடம் மனதில் நிற்கும். உனக்கு 3.5 சதவீதத்தில் இடம் கிடைத்திருந்தால் தலை நிமிர்ந்து சொல். அது பிச்சையல்ல, உரிமை. பொதுப் போட்டியில் கிடைத்திருந்தால் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்; அதை அடுத்தவன் தலையில் வைக்கும் மிதியடியாக்காதே.

வணிகச் சகோதரர்களே! கல்லாவில் உட்கார்ந்து தகுதி பற்றித் தீர்ப்பு வழங்குவதை நிறுத்துங்கள். ஜமாஅத் மண்டபம் வருடத்தில் எத்தனை நாள் பூட்டிக் கிடக்கிறது? கல்லூரியில் சேரும் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் அங்கே ஆங்கிலக் கலைச்சொல் வகுப்பும் அடிப்படைக் கணக்கும் நடத்துங்கள். நம் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, தெருவில் உள்ள அத்தனை பிள்ளைகளுக்கும் கதவைத் திறந்து வையுங்கள். ஒரு கல்யாண விருந்தின் செலவு பல பிள்ளைகளின் ஒரு வருடத் தடுமாற்றத்தைத் தீர்க்கும்.

ஒதுக்கீட்டைக் கேலி செய்கிற சமுதாயம் ஒதுக்கீட்டைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது. அடுத்தவன் 18 சதவீதத்தை இன்று நாம் இளக்காரம் செய்தால், நாளை நம் 3.5 சதவீதத்தின் மீது கத்தி விழும்போது நமக்காகக் குரல் கொடுக்க எவன் வருவான்? சிந்திப்போம், செயல்படுவோம்!