கடலில் வாழும் பூசணம்

மழைக்காலத்தில் செருப்பிலும் ரொட்டியிலும் படரும் பூசணத்தை நாம் அறிவோம். அதன் உறவினங்கள் உப்புக் கடலிலும் வாழ்கின்றன. 1846-ஆம் ஆண்டிலேயே மத்தியதரைக் கடலின் கடற்புல் ஒன்றில் இத்தகைய பூஞ்சை கண்டறியப்பட்டது. பின்னர் 1944-இல் பார்கூர்ன், லிண்டர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், கடலில் அமிழ்ந்த மரத்தில் பூஞ்சைகள் வளர்ந்து இனம் பெருக்குவதை எடுத்துக்காட்டினர். இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடற்பூஞ்சை வகைகளை அறிவியல் அறியும்.

பூஞ்சைக்கு வாயுமில்லை, வயிறுமில்லை. பின் அது மரத்தை உண்பது எங்ஙனம்? நாம் உண்டபின் செரிக்கிறோம். அதுவோ செரித்தபின் உண்கிறது. மெல்லிய இழைகளை மரத்துள் செலுத்தி, என்சைம் எனப்படும் நொதிகளைக் கசியவிட்டு, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கிறது.

சோற்றிலுள்ள மாவுச்சத்தும் மரத்திலுள்ள செல்லுலோசும் குளுக்கோஸ் என்னும் ஒரே சர்க்கரை மணிகளால் கோத்த மாலைகளே. ஆயினும் முடிச்சு வேறு. முன்னதை நம் உமிழ்நீரே அவிழ்க்கத் தொடங்கும். பின்னதை அவிழ்க்கும் நொதி நம் உடலில் இல்லை. பூஞ்சையிடமோ மூவகை நொதிகள் கூடி உழைக்கின்றன. ஒன்று மாலையை இடையில் அறுக்கும். மற்றொன்று நுனியிலிருந்து இரண்டிரண்டு மணிகளாகக் கழற்றும். மூன்றாவது அவ்விரண்டையும் பிரிக்கும். பாரடென்ட்ரிஃபியெல்லா சலினா என்னும் கடற்பூஞ்சை, பழுப்புக் கடற்பாசியின் ஆல்ஜினேட் பசையையும் சிதைக்க வல்லது.

தோணியின் பலகையை மென்மையாக்கி மீனவருக்கு நட்டம் விளைவிப்பதும் இவ்வாற்றலே. அலையாத்திக் காட்டில் உதிர்ந்த இலைகளை மக்கச்செய்து, இறாலுக்கும் மீன்குஞ்சுக்கும் இரையாக்க உதவுவதும் இவ்வாற்றலே.

செல்லுலோசை உடைக்கும் நொதிகள் பருத்தித் துணியை மெருகேற்றவும், சலவைத்தூளிலும், வைக்கோலிலிருந்து எரிசாராயம் வடிக்கவும் பயன்படுகின்றன. அவற்றைப் பெரிதும் தருவது டிரைகோடெர்மா ரீசி என்னும் நிலப்பூஞ்சை. ஆனால் ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. நிலத்து நொதிகள் பல மிகுந்த உப்பில் தளர்ந்துவிடும். கடற்பூஞ்சை நொதிகள் சிலவோ உப்பிலும் தளராமல் வேலை செய்கின்றன. இவை ஆலைக்கு வந்தால், நன்னீருக்குப் பதில் கடல்நீரையே பயன்படுத்த வழி பிறக்கலாம். குடிநீருக்குக் குடத்துடன் காத்திருக்கும் ஊர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

இம்முயற்சிகள் பெரும்பாலும் ஆய்வுக்கூட அளவிலேயே உள்ளன. கடற்பூஞ்சைகள் பலவற்றின் இருப்பிடமோ அலையாத்திக் காடுகள். விறகுக்கும் இறால் பண்ணைக்குமாக அவற்றை அழிப்போமாயின், பயனறியா முன்னரே அவற்றை இழந்துவிடுவோம். பிச்சாவரம் போன்ற காடுகளைக் காப்பது நம் பிள்ளைகளுக்கு நாம் சேர்த்துவைக்கும் செல்வமன்றோ?