‘அது வெறும் சமூக வழக்கம்தான்’: பிஷப் ஹீபர் கேட்ட கேள்வியும் நாம் கேட்க வேண்டிய கேள்வியும்

பிஷப் ஹீபர் என்றதும் நம்மில் பலருக்குத் திருச்சியில் இருக்கும் கல்லூரிதான் நினைவுக்கு வரும். சபை வரலாறு கொஞ்சம் தெரிந்தவர்கள், அவர் பாடல் எழுதியவர், ஆக்ஸ்போர்டில் இறையியல் உரைகள் நிகழ்த்தியவர், கல்கத்தா பிஷப்பாக இருந்தவர், 1826 ஏப்ரல் 3 அன்று திருச்சியில் குளிக்கும்போது மூழ்கி 42 வயதில் இறந்தவர் என்று சொல்வார்கள். கதீட்ரல் சாலை செயிண்ட் ஜார்ஜ் பேராலயத்துக்குள் போனால் அவருடைய பளிங்குச் சிலையைப் பார்க்கலாம். நல்ல மனிதர், மென்மையானவர், தஞ்சாவூரில் தமிழிலேயே ஆசீர்வாதம் சொன்னவர் என்பதுதான் அவரைப் பற்றி இன்றுவரை ஓடும் கதை.

சிலையை உடைக்கச் சொல்லி நான் இதை எழுதவில்லை. இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்பு, 1826 மார்ச்சில், சிதம்பரத்திலிருந்து அவர் ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தில் இருக்கும் ஒரே ஒரு கேள்வியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இருநூறு ஆண்டுகளாக நம் தலையில் உட்கார்ந்திருக்கும் கேள்வி அது.

கடிதம் போனது ஷ்ரைஃபோகல் என்ற மிஷனரிக்கு. அவர் ஆங்கிலிக்கன் இல்லை, தரங்கம்பாடி டேனிஷ் மிஷன் வழியாக வந்த லூத்தரன். ஆங்கிலிக்கன் பிஷப்புக்கும் லூத்தரன் மிஷனரிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தென்னிந்தியாவில் கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் ஒரு விசித்திரமான ஏற்பாடு நடந்தது. லண்டனின் எஸ்.பி.சி.கே. என்ற ஆங்கிலிக்கன் சங்கம் பணம் கொடுக்கும். ஜெர்மன், டேனிஷ் லூத்தரன்கள் ஊழியம் செய்வார்கள். சென்னையில் வேப்பேரி, தெற்கே தஞ்சாவூர், திருச்சி எல்லாம் இப்படி வளர்ந்த சபைகள்தான். 1820-களில் இந்தச் சபைகள் எஸ்.பி.ஜி. என்ற இன்னொரு ஆங்கிலிக்கன் சங்கத்தின் கைக்கு மாறின. லூத்தரன் வளர்த்த மந்தை ஆங்கிலிக்கன் தொழுவத்துக்குப் போனது. அந்தத் தொழுவத்துக்கு மேய்ப்பராக வந்தவர்தான் ஹீபர்.

வந்த இடத்தில் சண்டை காத்திருந்தது. ஷ்வார்ட்ஸ் காலத்து மூத்த மிஷனரிகள் ஆலயத்துக்குள் சாதியைக் கண்டும் காணாமல் விட்டிருந்தார்கள். வெள்ளாளர் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள், பறையர் இன்னொரு பக்கம். திருவிருந்துப் பாத்திரமும் முதலில் அவர்களுக்கு, பிறகு இவர்களுக்கு. அடுத்த தலைமுறை லூத்தரன் மிஷனரிகளான ஹௌப்ரோ, ரேனியஸ் போன்றவர்கள், ஷ்ரைஃபோகலும் சேர்த்து, இதை நிறுத்தப் பார்த்தார்கள். வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் ‘ஜாதி திருத்தலின் பயித்தியம்’ என்று 1829-ல் ஒரு நூலே எழுதினார். தமிழ்க் கீர்த்தனைகளை ஆராதனையிலிருந்து எடுக்காதே, பூ வைப்பதைத் தடுக்காதே என்று அவர் மிஷனரிகளோடு மோதியதில் நியாயம் உண்டு. ஆனால் ‘தமிழைக் காக்கிறேன்’ என்று கட்டிய அதே மூட்டைக்குள் சாதியையும் வைத்துக் கட்டினார். இந்த மூட்டை நமக்குப் பழக்கமானதுதானே தோழர்களே? பண்பாடு, மரபு, நம்ம ஊர் வழக்கம் என்று யாராவது உருகிப் பேசினால், மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் தலையில் தூக்காதீர்கள்.

இந்தச் சண்டை ஹீபர் முன் வந்தது. அவர் கடிதத்தில் சாதி எப்படியெல்லாம் வெளிப்படுகிறது என்று வரிசைப்படுத்துகிறார்: ஆலயத்தில் தனி இருக்கை, திருவிருந்துக்கு வெவ்வேறு நேரத்தில் வருவது, பள்ளியில் பிள்ளைகளைத் தனித்தனிப் பக்கத்தில் உட்கார வைப்பது, சேர்ந்து உண்ணவும் பழகவும் மறுப்பது. நான்கும் சரியான கவனிப்பு. ஒரு சமூகவியல் மாணவர் களப்பணிக் குறிப்பில் எழுத வேண்டிய நான்கு விஷயங்கள்தான் இவை. பிறகுதான் அந்தக் கேள்வி வருகிறது. இதையெல்லாம் இவர்கள் மத நம்பிக்கையாக, பிறப்பால் வரும் புனிதமாகக் கருதிச் செய்கிறார்களா? அல்லது அந்தஸ்து சார்ந்த வெறும் சமூக வழக்கமாகச் செய்கிறார்களா? சமூக வழக்கம் என்றால் கொஞ்சம் பொறுத்துப் போகலாம், வற்புறுத்த வேண்டாம் என்பதே அவருடைய சாய்வு. விசாரிக்க ஒரு குழுவும் அமைத்தார். அந்த விவகாரம் முடிவதற்குள் இறந்துபோனார்.

கேள்வியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். தள்ளி உட்காருகிறவரின் மனதில் என்ன இருக்கிறது என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. தள்ளி உட்கார வைக்கப்பட்டவருக்கு என்ன நடக்கிறது என்பது அந்தக் கேள்விக்குள் வரவே இல்லை. எச்சில் பட்டுவிடும் என்று பயந்து பாத்திரத்தை முந்தி வாங்குகிறவர் ‘எனக்கு இது மதம் இல்லை ஐயா, வழக்கம்’ என்று சொல்லிவிட்டால் போதும், குற்றம் பாதியாகிவிடும். கடைசியில் வாங்குகிற பறையர் கிறிஸ்தவருக்கு அது மதமா, வழக்கமா? அவருக்கு அது அவமானம். அதற்கு இரண்டு பெயர் கிடையாது.

நோக்கத்தை வைத்து அளப்பதா, விளைவை வைத்து அளப்பதா என்பது வகுப்பறை விவாதம் மட்டும் இல்லை. ஆதிக்கம் எப்போதும் நோக்கத்தைக் காட்டித்தான் தப்பிக்கும்.

ஹீபருக்குப் பின், 1833-ல், பிஷப் டேனியல் வில்சன் சுற்றறிக்கை அனுப்பினார். சாதி வேறுபாட்டைச் சபைக்குள் உடனே, முழுமையாக, இறுதியாகக் கைவிட வேண்டும் என்றார். வில்சனும் காலனிய பிஷப்தான், கல்கத்தாவிலிருந்து ஆணை போட்டவர்தான். அவரைப் புனிதராக்க வேண்டாம். ஆனால் அவர் கேள்வியை மாற்றினார். உன் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை, சேர்ந்து உட்காருகிறாயா இல்லையா என்று கேட்டார். பதில் உடனே வந்தது. வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். ‘வெறும் வழக்கம்’ என்று சொன்னவர்கள் அந்த வழக்கத்துக்காகத் திருவிருந்தையே விட்டார்கள். ஹீபரின் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா?

இதே காலத்தில் அமெரிக்காவைப் பாருங்கள். பிலடெல்பியாவிலும் ஒரு செயிண்ட் ஜார்ஜ் ஆலயம் உண்டு, அது மெதடிஸ்ட். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே ஜெபத்தில் முழங்காலில் இருந்த கறுப்பர்களை இழுத்து எழுப்பினார்கள். ரிச்சர்ட் ஆலனும் அப்சலோம் ஜோன்ஸும் தங்கள் மக்களோடு வெளியே நடந்தார்கள். 1816-ல் ஆலன் தலைமையில் தனித் திருச்சபையே பிறந்தது. அங்கே ஒதுக்கப்பட்டவர்கள் வெளியேறினார்கள். இங்கே ஒதுக்கியவர்கள் வெளியேறினார்கள், ஒதுக்க முடியாமல் போனதற்காக! சாதி எவ்வளவு நுட்பமான நோய் என்பதற்கு இந்த ஒரு ஒப்பீடு போதும்.

வெளியேறியவர்கள் எங்கே போனார்கள்? சிலர் பிறகு திரும்பி வந்தார்கள். பலருக்கு 1840-களில் வேறொரு கதவு திறந்தது. தரங்கம்பாடி மிஷனின் வாரிசாக வந்த லைப்சிக் லூத்தரன் மிஷன், சாதி சமூக வழக்கம், படிப்படியாகத்தான் மாறும் என்ற நிலையை எடுத்தது. அதன் இயக்குநர் கார்ல் கிரௌல் திருக்குறளை ஜெர்மனில் மொழிபெயர்த்த தமிழறிஞர். தமிழ் மீது அவருக்கிருந்த அன்பில் சந்தேகமில்லை. ஆனால் அவர் மதித்த ‘தமிழர் வழக்கத்தில்’ யாருடைய வழக்கம் இருந்தது, யாருடையது இல்லை? தஞ்சாவூரிலும் சென்னையிலும் ஆங்கிலிக்கன் சபையைவிட்டுப் போனவர்கள் லூத்தரன் சபையில் சேர்ந்தார்கள். 1850-ல் மெட்ராஸ் மிஷனரி மாநாடு, சாதியை விட்டதற்குச் சேர்ந்துண்டு சாட்சி காட்டாதவருக்கு ஞானஸ்நானமும் திருவிருந்தும் இல்லை என்று தீர்மானித்தபோது, புராட்டஸ்டன்ட் மிஷன்களில் லைப்சிக் மட்டும் சேரவில்லை.

இதை வைத்து ‘லூத்தரன் சாதியவாதி, ஆங்கிலிக்கன் புரட்சியாளன்’ என்று முடிவு கட்டினால் வரலாற்றைத் தவறாகப் படிக்கிறோம். முதலில் சாதியை எதிர்த்து மோதியவர்கள் லூத்தரன்கள்தான். அவர்களைப் பொறுமையாக இருக்கச் சொன்னவர் ஆங்கிலிக்கன். பிறகு இடம் மாறிக்கொண்டார்கள். திருநெல்வேலியில் சாதி விஷயத்தில் கறாராக இருந்த ரேனியஸை 1835-ல் சி.எம்.எஸ். என்ற ஆங்கிலிக்கன் மிஷன் சங்கமே வெளியேற்றியது. காரணம் சாதி இல்லை. குருப்பட்டம் யார் கையால் தரப்பட வேண்டும், ஆங்கிலிக்கன் சபையின் ஒழுங்குகள் சரியா என்ற தகராறு. போதகரின் தலையில் கை வைப்பது யார் என்பதில் விட்டுக்கொடுக்காத சபை, பாத்திரத்தில் யார் கை முதலில் படலாம் என்பதில் 1826-ல் அத்தனை நிதானமாக இருந்தது. இரண்டு சபைகளும் தங்களுக்குள் இருந்த எல்லையை இறையியல் எல்லை என்று நினைத்தன. சாதிக்கு அது ஒரு பின்வாசல். ஒரு சபை கண்டித்தால் அடுத்த சபை.

அந்த எல்லையை இடிக்கும் முயற்சிதான் 1919-ல் தரங்கம்பாடியில் தொடங்கி, 1947 செப்டம்பர் 27 அன்று அதே செயிண்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபையாக முடிந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிடேரியன், காங்கிரகேஷனல் எல்லாம் ஒன்றாயின. லூத்தரன்கள் வெளியே நின்றார்கள். உலகமே பாராட்டிய சாதனை, மறுக்கவில்லை. ஆனால் 28 ஆண்டுப் பேச்சுவார்த்தையில் மீண்டும் மீண்டும் முட்டுக்கட்டையாக நின்றது பேராயர் பதவியும் குருப்பட்டமும்தான். இணைப்பை நிறுத்தி வைக்கும் அளவுக்குச் சாதி ஒருபோதும் பெரிய கேள்வியாகவில்லை.

விளைவை ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் வரன் பக்கத்தில் பாருங்கள். சி.எஸ்.ஐ. நாடார், லூத்தரன் வெள்ளாளர், ஆர்.சி. உடையார் என்று வரிசையாக இருக்கும். இந்தப் பெயர்களில் முதல் பாதி மாறினால் குடும்பங்கள் பேசித் தீர்த்துக்கொள்கின்றன. தி.நகர் மண்டபத்தில் சி.எஸ்.ஐ. மாப்பிள்ளைக்கும் லூத்தரன் பெண்ணுக்கும் இரண்டு போதகர்கள் சேர்ந்து நின்று ஆசீர்வாதம் சொல்வார்கள். இரண்டாம் பாதி மாறினால்தான் வீட்டில் விஷம் குடிப்பேன் என்கிறார்கள். சபை ஐக்கியம் வென்ற இடம் எது, தோற்ற இடம் எது என்று தெரிகிறதா?

அடையாறு, மயிலாப்பூர் பக்கத்துக் குடியிருப்புகளில் வேலை செய்யும்போது படித்த கிறிஸ்தவ நண்பர்களிடம் நான் அதிகம் கேட்ட பதில்: ‘எங்க சர்ச்சுல சாதி இல்ல, கல்யாணத்துல மட்டும்தான்.’ இது 1826-ன் அதே வாக்கியம். மதத்தில் இல்லை, சமூகத்தில் மட்டும்தான்.

இந்த வாக்கியம் வேதாகமத்தோடு நின்றுவிடவில்லை, சட்டத்துக்குள்ளும் போனது. அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையோரத்தில் செருப்புத் தைத்த ஆதிதிராவிடத் தொழிலாளி சூசை. தெருவோரத் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பங்க் கடை அவருக்கு மட்டும் இல்லை. காரணம், அவர் கிறிஸ்தவர். 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. மதம் மாறிய பின்னும் அதே கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் போதவில்லை என்று 1985-ல் தள்ளுபடியானது. பக்கத்தில் உட்கார்ந்து அதே தோலைத் தைத்த இந்துத் தொழிலாளிக்கு ஆதாரம் தேவைப்படவில்லை. அந்த ஆணையில் சீக்கியர் 1956-லும் பௌத்தர் 1990-லும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர் இன்னும் வெளியே.

நீதிமன்றம் கேட்ட ஆதாரத்தைக் கொடுத்திருக்க வேண்டியது யார்? திருச்சபைகள். அவற்றின் சொந்த ஆவணங்களிலேயே அது இருக்கிறது. ஹீபர் வரிசைப்படுத்திய நான்கு விஷயங்கள் இருக்கின்றன, வில்சனின் சுற்றறிக்கை இருக்கிறது, 1850 தீர்மானம் இருக்கிறது. ‘எங்களிடம் சாதி உண்டு’ என்று ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு, ‘அது வெறும் சமூக வழக்கம்’ என்று இருநூறு ஆண்டு சொன்னதன் விலையைச் சூசை கொடுத்தார்.

நம் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. ராயப்பேட்டையிலிருந்து 1907-ல் பத்திரிகை தொடங்கிய அயோத்திதாசர் கிறிஸ்தவத்துக்குள் இருந்த சாதியை வெளுத்து வாங்கினார். கீழ்ப்பாக்கம் குருகுல் லூத்தரன் இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் தலித் இறையியலை வளர்த்தார். ஒரு காலத்தில் சாதிக்குக் கதவு திறந்த அதே லூத்தரன் மரபின் வளாகத்தில்! ஒதுக்கியவரின் மனதை ஆராய்ந்த இறையியலை அவர்கள் ஒதுக்கப்பட்டவரின் அனுபவத்திலிருந்து தொடங்க வைத்தார்கள். சி.எஸ்.ஐ. சென்னைப் பேராயர் எம். அசரியா போன்றவர்கள் அதைச் சபைத் தலைமைக்குக் கொண்டுபோனார்கள்.

மாணவத் தோழர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை ஐக்கிய ஆராதனை, கூட்டுத் திருவிருந்து என்று அழைப்பு வந்தால் போங்கள். போய் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். சபைக் கமிட்டியில் யார் இருக்கிறார்கள்? சபைப் பள்ளிகளில், கல்லூரிகளில் யாருக்கு வேலை கிடைத்தது? போதகர் பணியிட மாற்றத்தில் எந்த ஊர் யாருக்கு? பதிவேட்டை எடுத்துக் கணக்கு காட்டச் சொல்லுங்கள். யாராவது ‘அதெல்லாம் சமூக விஷயம், இங்கே எதற்கு’ என்று சொன்னால், ஹீபரின் கடிதத்தை எடுத்து நீட்டுங்கள். இதைத்தான் 1826-லும் சொன்னார்கள், வில்சன் சேர்ந்து உட்காரச் சொன்னதும் எழுந்து போனார்கள் என்று சொல்லுங்கள்.