தோப்புக் குடிலும் இரண்டு ஜன்னலும்

ஆயக்குடி என்றாலே கொய்யாதான், இல்லையா சகோதரிகளே? காய்ப்புக் காலத்தில் காவலுக்குத் தோப்பிலேயே தங்க வேண்டும். மகனோடு மருமகளும் எட்டு மாதப் பேரனும் போய்விடுவார்கள். ஓலைக் குடிசை ஒழுகுகிறதென்று இந்த வருஷம் மகன் பழைய டிராக்டர் டிரெய்லர் மேல் ஒரு சின்னக் குடில் கட்டினான். 2019-ல் நாமக்கல் மாவட்டத்து இளைஞர் அருண் பிரபு, ஓர் ஆட்டோவின் மேல் 36 சதுர அடியில் வீடு கட்டினாரே, அதைப் பார்த்து வந்த ஆசை!

மரச் சட்டமும் 2 அங்குல ஃபோம் பலகையும். கனமில்லை, சூடும் இறங்காது. ஆனால் கூரைக்கு வளைத்தபோது பலகை படக்கென்று ஒடிந்தது. இரண்டு பலகை வீண்.

"ரவிக்கைக் கழுத்து வளைவில் கத்தரி போடாமல் துணி படியுமாடா? இதுக்கும் வெட்டுக் கொடுத்துப் பாரேன்" என்றேன். சிரித்தான், ஆனால் செய்தான். உட்புறம் 2 அங்குலத்துக்கு ஒரு கோடு. முக்கால் ஆழம் மட்டும் வெட்டு. பசை தடவி, வளைந்த சட்டத்தின் மேல் கயிற்றால் கட்டி, ஒரு நாள் விட்டோம். அழகாகப் படிந்தது! பெட்ரோல் வாடை வரும் பசை ஃபோமைக் கரைத்துவிடும். மரத்துக்குப் போடும் தண்ணீர் தாங்கும் வெள்ளைப் பசைதான் சரி. மேலே பழைய வேட்டியைப் பசையில் ஒட்டிப் பெயிண்ட் அடித்தோம்.

ஜன்னலில்தான் சண்டை. "ஒண்ணு போதும்மா, அடுப்பையும் உள்ளேயே வச்சுக்கலாம்" என்றான். நான் விடவில்லை. அடைத்த இடத்தில் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். ஃபோமில் தீப்பொறி பட்டாலோ கரும்புகையே ஆளை மயக்கிவிடும். பச்சைக் குழந்தை படுக்கிற இடமாயிற்றே! இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவனே அடுப்பை வெளியே மரத்தடிக்கு மாற்றினான்.

எதிரெதிராக இரண்டு ஜன்னல் வைத்தோம். ஒன்று தாழ, ஒன்று உயர. சூடான காற்று மேலே வெளியேறும். ஃபோமில் திருகாணி பிடிக்காது. அதனால் முதலில் மரச் சட்டம் பதித்து, அதில் கதவை மாட்டினோம். கீல் மேல் பக்கம். மழையிலும் சற்றுத் திறந்து வைக்கலாம். கீழ்ச்சட்டம் வெளிப்புறம் சரிவாக இருக்கட்டும். கொசுவலை அவசியம்.

பசை வாடை போகும்வரை ஒரு வாரம் பேரனை உள்ளே விடவில்லை. போன வாரம் நல்ல மழை. காலையில் ஓடிப் போய்ப் பார்த்தேன். பாய் நனையவில்லை, பயல் கால் நீட்டித் தூங்குகிறான். மகன் மரத்தடியில் காப்பி போட்டுக்கொண்டிருந்தான்!