உறங்கியே மாண்ட சட்டம்

சட்டம் ஒன்று பிறந்தது. எழவில்லை, நடக்கவில்லை, பத்தாண்டு உறங்கிற்று, உறக்கத்திலேயே உயிர் நீத்தது. கட்டுக்கதையன்று தோழர்களே, தமிழ்நாட்டு நிலத்தடி நீர்ச் சட்டத்தின் கதை!

2003-இல் சட்டமன்றம் அதனை இயற்றிற்று. நடைமுறைக்கு வரும் நாளைக் குறிக்க எவரும் முன்வரவில்லை. ஆட்சிகள் மாறின, உறக்கம் கலையவில்லை. 2013-இல் இயற்றியவர்களே அதனை நீக்கினர்!

உழவனின் கிணற்றுக்கு ஊறு நேருமென்று அஞ்சி, நீக்கியதே நன்று என்பார் உண்டு. நீக்கியதால் உழவன் பிழைத்தானா? புதுச் சட்டம் போயிற்று; வெள்ளையன் 1882-இல் வகுத்த வசதியுரிமைச் சட்டம் நின்றது. நிலம் எவனுடையதோ, அடிநீரும் அவனுக்கே என்பது அதன் நெறி. ஆயிரம் அடி துளைக்கப் பணமுள்ளவன் அள்ளுகிறான். அறுபது அடிக் கிணற்றுக்காரன் வறண்ட பாறையை எட்டிப் பார்க்கிறான். இதுவா உழவனுக்குப் பாதுகாப்பு?

ஓசூருக்கு வாருங்கள். பெங்களூரின் கழிவைச் சுமந்து வரும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையில் அடிக்கடி நுரை பொங்கி நிற்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி மண்ணின் அடிநீரிலோ பல்லையும் எலும்பையும் கெடுக்கும் புளோரைடு! அதனாலன்றோ 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு, ஒகேனக்கல்லிலிருந்து காவிரியைக் குழாயில் கொணர்ந்தனர்! அத்திட்டம் தொடங்கப்பட்டதும் 2013. சட்டம் நீக்கப்பட்டதும் 2013. ஒரு கையால் குடம் நிறைத்தனர். மறு கையால், உறங்கிக் கிடந்த கிணற்றுக் காவலனையும் விலக்கினர்.

அத்திப்பள்ளியில் கால் வைத்தால் கர்நாடகம். அங்கே 2011-இல் நிலத்தடி நீருக்குச் சட்டம் வந்தது. பாறையிடுக்கில் கசியும் நீருக்கு எல்லைக்கல் தெரியுமா?

குடிநீர் முதலில், சிறு உழவனின் கிணறு அடுத்து, ஆலையின் குழாய்க்கு அளவுமானி. இம்மூன்றும் இல்லாத சட்டம் வெறும் தாளே. ஊர்தோறும் கிராமசபையில் கேளுங்கள்; விடை வரும்வரை கேளுங்கள்!