தும்பியும் அறிவுக்கொடையும்

விலைக்கு விற்கத்தக்க அறிவை வாளா வழங்கியவர் வள்ளலோ, பேதையோ? இவ்வினாவை மாணவர் சிலர் அண்மையில் என்னிடம் எழுப்பினர். அவர்கள் கருதியது சாந்தோஸ் டியூமொன் என்பாரை. 1873ஆம் ஆண்டிலே பிரேசில் நாட்டிற் பிறந்து, பாரிஸ் மாநகரில் வாழ்ந்து, வானிற் பறத்தற்கலையை வளர்த்தவர் அவர்.

1907ஆம் ஆண்டில் அவர் சிறு விமானமொன்றை அமைத்தார். 1909ஆம் ஆண்டளவில் அதனைத் திருத்திச் செம்மை செய்தார். 'டெமுவாசெல்' என்பது அதற்கு வழங்கிய பெயர். பிரெஞ்சு மொழியில் அச்சொல் இளநங்கையையுங் குறிக்கும், தும்பியையுங் குறிக்கும். காரணப்பெயரென்றே கொள்ளலாம். மூங்கிற் கழிகள் உடலாக, பட்டுத்துணி சிறகாக அமைந்த அது, சிறகின் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை 5 மீற்றருக்குச் சற்று மேற்பட்டது. ஓட்டுநர் சிறகின் கீழே, நிலத்திற்கு மிக அணித்தாக அமர்வார். அவர் பக்கஞ் சாயுந்தோறும், மேற்சட்டையோடு பிணைத்த நெம்புகோல் சிறகை முறுக்கி விமானத்தைச் சமன் செய்யும்.

இவ்வமைப்பிற்கு அவர் ஆக்கவுரிமை கோரவில்லை. விரும்பியோர் செய்துகொள்ளுமாறு விட்டார். 1910ஆம் ஆண்டில் 'பொப்புலர் மெக்கானிக்ஸ்' என்னும் அமெரிக்கச் சஞ்சிகை அதன் வரைபடங்களை வெளியிட்டது. அக்காலத்திலே றைற் சகோதரர், 1906இற் பெற்ற ஆக்கவுரிமையைக் காத்தற்பொருட்டு வழக்காடிக்கொண்டிருந்தனர்.

"டியூமொன் கோப்பித் தோட்டச் செல்வரின் மைந்தர், றைற் சகோதரர் சைக்கிள் செய்து பிழைத்தோர். இருசாராரையும் ஒரு கோலால் அளத்தல் நீதியோ?" என்றான் ஒரு மாணவன். தக்க மறுப்பே; உழைப்பிற்கு ஊதியம் வேண்டுதல் குற்றமன்று. மேலும், அவ்விமானம் செலுத்துதற்கு எளிதன்று. பருத்த உடலினர்க்கு ஏலாதது. வரைபடம் பெற்றோரெல்லாம் பறந்தாரல்லர்.

ஆயினும் ஒன்று சிந்திக்கத்தக்கது. 1901ஆம் ஆண்டில் ஈபெல் கோபுரத்தை வான்கலத்திற் சுற்றிவந்து வென்ற பரிசுப்பணத்தை, டியூமொன் தம் தொழிலாளருக்கும் பாரிஸ் நகரத்து ஏழைகளுக்கும் பகிர்ந்தளித்தார். பணம் கொடுக்குந்தோறும் குறைவது. தும்பியின் அமைப்போ கொடுத்ததனாற் குறைந்திலது; பல கைகளிற் பெருகியது. 1913ஆம் ஆண்டில் மத்தியதரைக் கடலை முதன்முதல் இடைநில்லாது பறந்து கடந்த றோலண்ட் கரோஸ், பறக்கப் பழகியது அவ்வகை விமானத்திலேயே. தாம் யாருக்குக் கொடுக்கிறோமென்பதைக் கொடுத்தவர் முன்னரே அறிந்தாரல்லர். அறிவுக்கொடையின் இயல்பு அதுவே.

ஆசிரியராகிய நம்மவரிடையேயும், தாம் தொகுத்த குறிப்புக்களைப் பிறர் கண்ணிற் படாது பூட்டிவைப்போர் உளர். இதனைப் பிறரை இகழ்தற்குக் கூறுகின்றேனல்லேன். இளமையில் யான் அரிதின் எழுதிய இலக்கணக் குறிப்பேடொன்றை நண்பர் ஒருவர் கேட்டார். இன்னும் முற்றுப்பெறவில்லை என்று பொய் சொல்லிப் பெட்டியில் வைத்தேன். சில ஆண்டு கழித்துத் திறந்தபோது கறையான் அதனை உண்டு முடித்திருந்தது. டியூமொனின் மூங்கில் விமானங்களுள் ஒன்று, பாரிஸ் நகரத்தை அடுத்த லெ பூர்ஜே அரும்பொருட்சாலையில் இன்றும் உளது.

வள்ளல் என்றே மாணவர்க்கு விடை கூறினேன். பேதை யாவன் என்பதையும் யான் அறிவேன்.