ஆறு நிமிடத்துக்கு ஒரு கணக்கு



வழக்குரைஞர் தொழில் நம் சமுதாயத்துக்குப் புதியதன்று. நாகூரில் பிறந்து சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக உயர்ந்த மர்ஹூம் மு.மு. இஸ்மாயில் அவர்களையும், 1950-ல் வழக்குரைஞராகப் பதிவு செய்துகொண்டு 1989-ல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக அமர்ந்த மர்ஹூமா பாத்திமா பீவி அவர்களையும் நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். அந்தத் தலைமுறையில் சட்டம் படித்தவர் மூத்த வழக்குரைஞர் ஒருவரிடம் ஜூனியராகச் சேர்வார், கட்டுச் சுமப்பார், வாய்தாவுக்கு ஓடுவார், வருமானமோ மெல்லத்தான் வரும்.

இன்று வேறொரு வாசல் திறந்திருக்கிறது. பெங்களூரில் 1988-ல் முதல் அணி மாணவர்களைச் சேர்த்த தேசியச் சட்டப் பள்ளியைப் பின்பற்றி, நம் திருச்சி உட்படப் பல ஊர்களில் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் எழுந்துள்ளன. படிப்பு முடியும் முன்பே பெரும் சட்ட நிறுவனங்கள் அங்கே வந்து திறமையான மாணவர்களைத் தேர்ந்தெடுத்துச் செல்கின்றன. மும்பை, டெல்லி என்று மட்டுமல்லாமல் லண்டன், நியூயார்க் வரையிலும் பிள்ளைகள் செல்கிறார்கள். சம்பளத் தொகையைக் கேட்டதும் வீட்டில் இனிப்பு வழங்கப்படுகிறது. பெண் பார்க்கும் படலமும் தொடங்கிவிடுகிறது. மகிழ வேண்டியதுதான். ஆனால் அந்தச் சம்பளத்துக்கு ஈடாக நம் பிள்ளை எதைக் கொடுக்கிறான் என்று எத்தனை பெற்றோர் கேட்டறிகிறோம்?

மணியை விற்கும் தொழில்

இந்தப் பெருநிறுவன முறை வளர்ந்து வேரூன்றிய நாடு அமெரிக்கா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க் நகரின் பால் கிராவத் என்னும் வழக்குரைஞர் அதற்கு ஓர் ஒழுங்கை வகுத்தார். சிறந்த கல்லூரிகளில் முதன்மையாகத் தேறியவர்களைச் சம்பளத்துக்கு அமர்த்துவது, சில ஆண்டுகள் கடும் பயிற்சி கொடுப்பது, தேறியவர்களைப் பங்குதாரராக்குவது, மற்றவர்களை வேறிடம் தேடிக்கொள்ளச் செய்வது என்பதே அந்த ஒழுங்கு. ஆக, உள்ளே நுழையும் இளைஞர் அனைவரும் முதல் நாளிலிருந்தே ஒரு போட்டியில் நிற்கிறார்கள். அவர்களுள் பங்குதாரராகிறவர்கள் மிகச் சிலரே.

இப்போட்டியை அளக்கும் கோல் மணிக்கணக்கு. ஒரு காலத்தில் அமெரிக்காவில் ஒவ்வொரு வகை வேலைக்கும் குறைந்தபட்சக் கட்டணப் பட்டியலை வழக்குரைஞர் சங்கங்களே வகுத்திருந்தன. 1958-ல் வெளியான ஓர் அமெரிக்க வழக்குரைஞர் சங்கச் சிறுநூல், நேரத்தைக் குறித்து வைத்துக் கட்டணம் வாங்குங்கள் என்று அறிவுறுத்தியது. ஆண்டுக்குச் சுமார் 1,300 மணி நேரத்தைத்தான் ஒருவர் கட்டணத்துக்கு உரியதாக எழுத முடியும் என்பது அதன் கணிப்பு. 1975-ல் கோல்டுபார்ப் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் குறைந்தபட்சக் கட்டணப் பட்டியல் சட்டவிரோதம் எனத் தீர்ப்பளித்தது. அதன்பின் மணிக்கணக்கே பெரிய நிறுவனங்களின் பொது வழக்கமாக நிலைபெற்றது.

ஒரு மணியைப் பத்தாகப் பகுத்து, ஆறு நிமிடத்துக்கு ஒரு கட்டமாக, எந்தக் கட்சிக்காரருக்காக என்ன வேலை செய்தோம் என்று இளம் வழக்குரைஞர் நாள்தோறும் எழுதி வைக்க வேண்டும். 1,300 மணி என்ற பழைய கணிப்பு மறைந்து, இன்று பெரிய நிறுவனங்கள் பல எதிர்பார்ப்பது 1,900 முதல் 2,000 மணி அல்லது அதற்கும் மேல்.

இரண்டாயிரம் மணி என்பது கேட்கும்போது பெரிதாகத் தோன்றாது. வாரம் 40 மணி வீதம் 50 வாரங்கள் என்று தோன்றும். ஆனால் உணவு, பயிற்சி வகுப்பு, அலுவலகக் கூட்டம், புதிய சட்டங்களைப் படித்தல் ஆகியவற்றைக் கட்சிக்காரர் தலையில் எழுத முடியாது. பத்து மணி நேரம் அலுவலகத்தில் இருப்பவர் ஏழரை மணியைக் கணக்கில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2,000 மணி எழுத அவர் ஏறத்தாழ 2,667 மணி அலுவலகத்தில் இருந்தாக வேண்டும். விடுமுறை போக 48 வாரங்கள் என்றால் வாரத்துக்கு ஐம்பத்தைந்தரை மணி; நாளொன்றுக்குப் பதினோரு மணி நேரம். வேலையும் சீராக வருவதில்லை. இரு கம்பெனிகள் இணையும் ஒப்பந்தம் கையெழுத்தாகும் வாரத்தில் இரவும் பகலும் ஒன்றாகிவிடும்.

இதற்கு ஈடாகத் தரப்படும் ஊதியமும் பெரிது. அமெரிக்காவின் முன்னணி நிறுவனங்கள் 2023 இறுதியில் முதலாண்டு வழக்குரைஞரின் ஆண்டுச் சம்பளத்தை 2,25,000 டாலராக உயர்த்தின.

மன நிறைவு எங்கே இருக்கிறது?

பணம் இவ்வளவு கிடைத்தும் மனம் நிறைந்ததா? 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, பணியிலுள்ள சுமார் 12,800 அமெரிக்க வழக்குரைஞர்களை விசாரித்தது. ஏறத்தாழ ஐவரில் ஒருவரிடம் கேடு விளைவிக்கும் அளவுக்கு மதுப் பழக்கம் இருந்தது. நூற்றுக்கு 28 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. தொழிலில் முதல் பத்து ஆண்டுகளில் இருப்போரிடமே மதுவின் தீங்கு மிகுந்திருந்தது.

2015-ல் கிரீகர், ஷெல்டன் என்னும் இரு பேராசிரியர்கள், 6,000-க்கும் மேற்பட்ட வழக்குரைஞர்களிடம், அவர்களுக்கு மகிழ்ச்சி தருவது எது என்று ஆராய்ந்து வெளியிட்டனர். கல்லூரி மதிப்பெண்ணுக்கும் மகிழ்ச்சிக்கும் ஏறத்தாழத் தொடர்பே இல்லை. சம்பளத்தின் தொடர்பும் சிறிதே. தன் விருப்பப்படி இயங்கும் உரிமை, சக மனிதரோடு நல்லுறவு, செய்யும் வேலையில் தேர்ச்சியும் பொருளும் உண்டு என்ற உணர்வு ஆகியவையே மகிழ்ச்சியோடு உறுதியாக இணைந்திருந்தன. எழுதும் மணிகள் கூடக்கூட மகிழ்ச்சி குறைந்தது. ஏழைகளுக்காக வாதாடும் பொதுப்பணி வழக்குரைஞர்கள் குறைந்த சம்பளத்திலும் பெருநிறுவனத்தாரைவிட மகிழ்ச்சியாக இருந்தனர். புதிதாகப் பங்குதாரரானவர்கள் மிக அதிகம் ஈட்டியும், இன்னும் அந்நிலையை எட்டாத மூத்த ஊழியர்களைவிட மகிழ்ச்சியில் மேம்பட்டிருக்கவில்லை. அந்தப் படியை எட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று இளமையை அடகு வைப்போர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பெருநிறுவனங்களில் கிடைக்கும் பயிற்சி வேறிடத்தில் எளிதில் கிடைப்பதில்லை. தேர்ந்தவர்களிடம் நுணுக்கமாக எழுதக் கற்கிறார்கள். உலக வணிகம் இயங்கும் விதத்தை அறிகிறார்கள். அங்கிருந்து நீதித்துறைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சென்று சிறந்தோர் உண்டு. ஆகவே அவ்வேலையே கூடாது என்று சொல்ல வரவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு செல்லுங்கள் என்பதே நம் வேண்டுகோள்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

முதலாவது, அளவையைப் பற்றியது. அளவிலும் நிறுவையிலும் குறை செய்வோரைத் திருக்குர்ஆன் 83-வது அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே கடுமையாக எச்சரிக்கிறது. இதை அரிசிக் கடைக்காரருக்கும் துணிக் கடைக்காரருக்கும் மட்டுமே உரியதாக நாம் நினைத்துவிடுகிறோம். நேரத்தையே அளந்து விற்பவருக்கு அந்த ஆறு நிமிடக் கட்டமே படி, அதுவே தராசு. நான்கு மணி நேர வேலையை ஐந்து என்று எழுதினால் அது கட்சிக்காரர் சொத்தில் கைவைப்பதாகும். பாட்ரிக் ஷில்ட்ஸ் என்னும் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர், பின்னாளில் நீதிபதியானவர், 1999-ல் எழுதிய கட்டுரையில் இளம் வழக்குரைஞரை இது பற்றியே எச்சரித்தார். நேர்மை ஒரே நாளில் போய்விடுவதில்லை. மாதக் கணக்கை நிரப்ப முடியாத களைப்பான ஒரு மாலையில், சில நிமிடங்களைக் கூட்டி எழுதுவதில்தான் அது தேயத் தொடங்குகிறது என்பது அவர் கருத்து. வேலைப் பளு உடலை மட்டுமன்றி ஈமானையும் சோதிக்கிறது என்பதை நாம் இங்கே உணர்கிறோம்.

இரண்டாவது, உரிமைகளைப் பற்றியது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஸல்மான் (ரலி) அவர்களையும் அபூதர்தா (ரலி) அவர்களையும் சகோதரர்களாக இணைத்து வைத்தார்கள். ஒரு நாள் ஸல்மான் (ரலி) சகோதரர் வீட்டுக்குச் சென்றபோது, அவருடைய துணைவியார் தம்மைப் பேணிக்கொள்ளாத கோலத்தில் இருக்கக் கண்டார்கள். கணவர் பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்று இருந்ததே காரணம். ஸல்மான் (ரலி) அவர்கள் நண்பரை உண்ணச் செய்து, இரவில் உறங்கச் செய்து, பின்னிரவில் இருவரும் சேர்ந்து தொழுத பிறகு எடுத்துரைத்தார்கள்: இறைவனுக்கும் உம் உடலுக்கும் உம் குடும்பத்துக்கும் உம்மீது உரிமை உண்டு, உரியவருக்கு உரியதைக் கொடுத்துவிடும் என்று. ஸல்மான் சொன்னது உண்மை என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஆமோதித்தார்கள். இச்செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது.

சிந்தியுங்கள், வாசகர்களே! இரவு வணக்கமே குடும்பத்தின் உரிமையை விழுங்கக் கூடாது என்றால், கம்பெனிகளின் ஒப்பந்தத் தாள்களுக்கு அந்த உரிமையை விழுங்க ஏது அனுமதி? லுஹரும் அஸரும் சேர்ந்து, ஒளு உட்பட, இருபத்து நான்கு நிமிடம் ஆகுமா? அவர்கள் கணக்கில் அது நான்கு கட்டங்கள். அந்த நான்கு கட்டங்களைக் கொடுக்க இயலாத இடத்தில் நம் பிள்ளையின் ரிஜ்க் எப்படி பரக்கத் பெறும்?

மூன்றாவது, வேலையின் தன்மை. பெருநிறுவனங்களில் வங்கிக் கடன் பிரிவு ஒரு பெரும் பிரிவு. வட்டியை உண்பவரோடு அதற்குக் கணக்கெழுதுபவரையும் சாட்சிகளையும் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்துள்ளார்கள். சமரசத் தீர்ப்பு, தொழிலாளர் சட்டம், அறிவுச் சொத்துரிமை போன்ற பிரிவுகள் இருக்க, கிடைத்த நாற்காலியில் அமர்ந்துவிடாமல் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவது அவசியம்.

செய்யத்தக்கவை

சட்டம் படிக்கும் தம்பி, தங்கையரே! வேலையை ஏற்கும் முன் சம்பளத்தோடு இவற்றையும் கேளுங்கள்: ஆண்டுக்கு எத்தனை மணி எழுத வேண்டும்? எழுதாவிட்டால் என்ன ஆகும்? உங்களுக்கு நான்கைந்து ஆண்டு முன்பு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள்? ஜும்ஆவுக்குச் செல்லத் தடை உண்டா? இவற்றை மேலதிகாரியிடம் மட்டுமல்லாமல், அங்கிருந்து விலகியவரிடமும் விசாரியுங்கள். தொழுகை நேரத்தை முதல் வாரத்திலேயே பணிவாகவும் தெளிவாகவும் சொல்லிவிடுங்கள். முதல் சம்பளத்திலேயே பெரிய கடனில் வீடும் காரும் வாங்காதீர்கள். விலக நினைக்கும் நாளில் அந்தக் கடன்தான் காலில் பொன் விலங்காகக் கிடக்கும். படித்த கடன் இருந்தால் அதை முதலில் அடைத்து, இத்தனை ஆண்டுகள்தான் என்று எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். அந்த எல்லையை வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள்.

பெற்றோர்களே! பிள்ளை தொலைபேசியில் "வேலை அதிகம்" என்று சொன்னால், "எல்லாருக்கும் அப்படித்தான்" என்று பேச்சை முடித்துவிடாதீர்கள். எத்தனை மணிக்கு உறங்கினாய், என்ன சாப்பிட்டாய், தொழ முடிகிறதா என்று கேளுங்கள். மன அழுத்தம் மிகுந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தயங்காதீர்கள். அது ஈமானின் குறையன்று, நோய். வேலையை விட்டு வர அவன் முடிவெடுத்தால், ஊரார் என்ன சொல்வார்கள் என்ற அச்சத்தை அவன்மேல் ஏற்றாதீர்கள். பெண் கொடுப்போரும் எடுப்போரும் சம்பளத்தை விசாரிப்பது போலவே, மாலையில் வீடு திரும்பும் நேரத்தையும் விசாரியுங்கள்.

அலுவலகம் நடத்தும் மூத்த வழக்குரைஞர்களே! உங்கள் பொறுப்பில் இருப்போர்மீது அவர்கள் சக்திக்கு மீறிய சுமையை ஏற்றாதீர்கள், ஏற்றினால் நீங்களும் கைகொடுங்கள் என்பது நாயகத்தின் (ஸல்) போதனை. உங்களிடம் ஜூனியராக நிற்கும் பிள்ளைக்கு உரிய ஊதியமும் ஓய்வும் கொடுப்பது தர்மமன்று. அது அவனுடைய ஹக்கு.

ஆயுளை எதில் கழித்தாய், பொருளை எவ்வழியில் ஈட்டினாய் என்று மறுமையில் ஒவ்வோர் அடியானும் விசாரிக்கப்படுவான். அந்தக் கணக்கில் ஆறு நிமிடமும் விடுபடாது. நம் பிள்ளைகளுக்கு ஹலாலான ரிஜ்க்கையும், அதை அனுபவிக்கும் அமைதியையும், நீதிக்காகக் குரல் கொடுக்கும் வலிமையையும் எல்லாம் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.